கண்டும் காணார்

பிறர்பால் கவனம் செலுத்துதல் வெறும் பண்பாட்டு ஒழுங்கே என்றும், கிறித்தவ அன்பு என்பது காணிக்கைப் பையில் காசிடுவதும் ஏழைக்குச் சோறிடுவதுமே என்றும் கருதுவோர் உளர். ஈகை வேண்டா என்பதன்று. பெறுபவன் முகத்தை நோக்காமல் இட்ட காசு, இட்டவனுடைய மனநிறைவுக்கே பெரிதும் பயன்படுகிறது.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் இதனை ஐயத்திற்கு இடமின்றி உணர்த்தும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியன் கண்டான், லேவியனும் கண்டான், சமாரியனும் கண்டான். காணுதல் மூவருக்கும் பொதுவாகவே சொல்லப்பட்டுள்ளது. முன்னிருவர் கண்ணிற்பட்டது வழியில் கிடந்த ஓர் இடையூறு. மூன்றாமவன் கண்டதோ ஒரு மனிதனை! எண்ணெயும் திராட்சரசமும் சத்திரச் செலவும் அதன்பின் வந்தவை. அவற்றையே முன்னிறுத்திப் போதிப்போர் கதையின் வேரை விட்டுக் கிளையைப் பற்றுகின்றனர்.

மாற்கு 10இல் வரும் பர்திமேயு பார்வையற்றவன். அவனுக்கு வேண்டுவது யாதென ஊரே அறியும். எனினும் இயேசு அதனை அவன் வாயாலேயே கேட்டறிகிறார். இரப்பவன் தன் தேவையைத் தானே சொல்லும் உரிமையை இன்றைய அறச்சாலைகளுள் எத்தனை அளிக்கின்றன?

இக்கருத்தை வகுப்பறைக்கே கொண்டுவந்தவர் பிரெஞ்சு மெய்யியலாளர் சீமோன் வெய்ல் (1909–1943). அவரும் பள்ளியாசிரியராக இருந்தவரே. 1934-35இல் ஆலைத் தொழிலாளரின் துயரை அறியத் தாமே ஆலையில் கூலிவேலை செய்தவர். 1942இல், திருமுழுக்குப் பெறாத நிலையிலேயே, கத்தோலிக்க மாணவர்க்கெனப் பெரின் அடிகளாருக்கு ஒரு கட்டுரை எழுதினார். வடிவியல் கணக்கு விடை தராமற்போயினும், அதன்மேல் உண்மையாகச் செலுத்திய கவனம் வீணாவதில்லை என்பது அவர் கொள்கை. அக்கவனமே வளர்ந்து இறைவேண்டலாகவும், துன்புறுவோனை நோக்கும் திறனாகவும் ஆகும் என்றார்.

ஆசிரியர்க்கு அவர் கூறியது கசப்பானது. “கவனி” என்று அதட்டினால் மாணவர் புருவத்தை நெரிப்பர், மூச்சை அடக்குவர், எதைக் கவனித்தனர் என்று கேட்டால் விழிப்பர். அவருக்குக் கவனம் என்பது தசைகளின் முறுக்கன்று. தன் எண்ணங்களை ஒதுக்கி, எதிரிலிருப்பதற்கு உள்ளத்தில் இடம் விடுதலாகும். கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் வட்டமிடும் ஆசிரியர், பிழை எவ்வாறு பிறந்தது என்று நோக்காவிடில், ஏட்டைத் திருத்தினாரேயன்றி மாணவனைக் காணவில்லை. வாயிலில் தாமதமாக வந்து நிற்பவனிடம் காரணம் கேட்டுவிட்டு, விடை வருமுன் பதிவேட்டில் கண் பதிப்பவரும் அவ்வழியினரே. மறைக்கல்வி வகுப்பில் இது நிகழும்போது குற்றம் இருமடங்காகிறது.

நாற்பது மாணவர், முடிக்க வேண்டிய பாடத்திட்டம், அணுகிவரும் தேர்வு. இவற்றுக்கிடையே ஒவ்வொருவனையும் நோக்க நேரம் ஏது என்பர். நேர்மையான வினாவே. ஆயினும் ஆசாரியனும் இதனையே சொல்லியிருக்கக்கூடும். சமாரியனும் வேலையின்றித் திரிந்தவனல்லன், பயணத்தில் இருந்தவன். அன்றிரவு அடிபட்டவனைப் பேணினான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மிகுதிச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகக் கூறிவிட்டுத் தன் வழியே போனான்.