புகை இடம்பெயர்ந்தால் போதுமா?

ஆலைப் புகை தணிந்தே ஆகவேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. அதன் விலை யார் தலையில் விடிகிறது என்பதே வினா.

வேல்ஸ் நாட்டின் போர்ட் டால்பட் நகரில், டாடா எஃகு நிறுவனம் தன் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30ஆம் நாள் அணைத்தது. பழைய இரும்பை உருக்கும் மாற்று மின்னுலையின் கட்டுமானமோ 2025 ஜூலையில்தான் தொடங்கிற்று. அவ்வுலைக்கு பிரிட்டிஷ் அரசு 50 கோடி பவுன் வழங்க இசைந்தது. ஆயினும், 2,800 வேலைகள் வரை பறிபோகும் என்றே நிறுவனம் அறிவித்தது. பழைய உலைகளால் நாள்தோறும் 10 இலட்சம் பவுன் நட்டம் என்றனர். இருக்கட்டும், அந்நட்டத்தை உழைத்தவனா ஈட்டினான்?

அதே செப்டம்பர்த் திங்களில், அதே நிறுவனம் ஒடிசாவின் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையை இயக்கிவைத்தது. வளரும் நாட்டுக்கு எஃகு வேண்டும், அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால், மின்னுலை எழும்வரை போர்ட் டால்பட்டின் உருட்டாலைகளுக்கு வேண்டிய எஃகுப் பாளங்களை இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து தருவிப்பதே ஏற்பாடு. பிரிட்டனின் ஏட்டில் கரி குறைந்தது; வானில் குறைந்ததா? வானுக்கு எல்லைக்கோடு ஏது?

புதிய உலை எரியுமுன் பழையதை அணைப்பது சீர்திருத்தமன்று, கைகழுவலே. வாங்கும் எஃகின் புகையும் வாங்குவோர் கணக்கில் ஏறட்டும். தொழிலாளி வீட்டு அடுப்பை அணைத்துப் பெறும் தூய்மை, தூய்மையாகாது.