ஒத்தி வீடு: வாடகையா, வட்டியா?



நாகூர், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் குடியிருப்பதன் பெரும்பேறு, எல்லாம் காலடித் தொலைவில் இருப்பது. பாங்கு கேட்டு எழுந்தால் ஜமாஅத் கிடைத்துவிடும். பிள்ளைகள் மதரஸாவுக்கு நடந்தே செல்வர். எனவே பள்ளிவாசலை ஒட்டிய தெருக்களில் வீடு தேடுவோர் பலர். அவர்கள் அடிக்கடி கேட்கும் விடை இது: "வாடகைக்கு இல்லை, ஒத்திக்குத்தான்."

ஒத்தி என்பது என்ன? ஐந்து இலட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அதே ஐந்து இலட்சத்தைக் குறையாமல் திரும்பப் பெறுவது. அவ்வீட்டின் வாடகை மாதம் ஏழாயிரம் எனக் கொள்வோம். ஓராண்டில் 84,000 ரூபாய். கொடுத்த முதல் அப்படியே இருக்க, அதன்மேல் நூற்றுக்குப் பதினேழு விழுக்காட்டை ஒட்டிய ஆதாயம்! இதையே வங்கி கொடுத்தால் வட்டி என்று விலகி ஓடுகிறோம். சுவரும் கூரையுமாக வந்தால் மட்டும் அது ஹலாலாகிவிடுமா?

நாட்டின் சட்டம் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவில், இதனை அடமானத்தின் ஒரு வகையாகவே வைத்துள்ளது. சொத்தின் வருவாயை வட்டிக்கு ஈடாகக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. சட்டம் வட்டியின் ஈடு என்கிறது, நாமோ வாடகை என்கிறோம்.

கடன் கொடுத்தவர் நிபந்தனையாகப் பெறும் பயன் ரிபா என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. கடன்பட்டவர் அன்பளிப்பாகத் தரும் ஒரு சுமை வைக்கோலையும் ஏற்காதீர் என்று அப்துல்லாஹ் பின் ஸலாம் (ரலி) அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியில் இருக்கிறது. வைக்கோலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஓராண்டுக் குடியிருப்புக்கு என்ன சொல்வது?

"அடகு வைத்த பிராணியில் சவாரி செய்ய அனுமதி உண்டே" என்பர் சிலர். அந்த அனுமதி, அதற்குத் தீனி போடும் செலவுக்கு ஈடானது. வீடு தீனி தின்பதில்லை. "பைஉல் வஃபா என்று ஹனஃபி அறிஞர்களில் பிற்காலத்தவர் சிலர் அனுமதித்தனரே" என்பர் வேறு சிலர். அதனை ஆராய்ந்த சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1992இல் ஜித்தாவில் கூடி, கூடாது என்றே முடிவு செய்தது.

வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் யாவரும் சமமே என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒத்திப் பத்திரங்களில் சாட்சிக் கையொப்பமிடும் ஊர்ப் பெரியவர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

இதில் இன்னோர் அநீதியும் உண்டு. ரொக்கம் உள்ளவர் பள்ளிவாசலின் நிழலில் வாடகையின்றி வாழ்கிறார். மாதம் நாலாயிரம் கொடுக்க இயன்ற கூலித் தொழிலாளியும், பிள்ளைகளுடன் தனித்து நிற்கும் விதவையும் ஊருக்கு வெளியே தள்ளப்படுகின்றனர். தொலைவிலிருந்து பள்ளிக்கு நடந்து வருவோரின் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டு. அவர்களைத் தொலைவுக்குத் துரத்தியவருக்கு என்ன உண்டு?

மாற்று வழி இல்லாமல் இல்லை. பெருந்தொகை தேவைப்படும் வீட்டுக்காரர், இரண்டு மூன்று ஆண்டு வாடகையை முன்கூட்டியே பேசி வாங்கி, மாதந்தோறும் கழித்துவரலாம். அதற்காக வாடகையைச் சற்றுக் குறைத்தாலும் தவறில்லை. அது கடனன்று, வாடகையே. மகளின் திருமணத்துக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ பணம் வேண்டுவோருக்கு ஜமாஅத்தின் பைத்துல்மால் அழகிய கடன் வழங்கட்டும். முன்பணம் அளவோடு இருக்கட்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமே கூறுகிறது.

ஆலிம் பெருமக்கள் ஜும்ஆ மேடையில் வங்கி வட்டியைக் கண்டிக்கின்றனர். நன்று. அந்த மேடைக்கு எதிர்த் தெருவில் இருக்கும் வட்டியையும் பெயர் சொல்லிக் கண்டிப்பது அவர்களின் கடமை. வாடகை கொடுத்துக் குடியிருப்பது இழிவன்று. வட்டியில் குடியிருப்பதே இழிவு.

அல்லாஹ் நம் இல்லங்களை ஹலாலான இல்லங்களாக ஆக்குவானாக! ஆமீன்.