உங்கட லைட் எங்கட கண்ணுக்குள்ள எரியுது



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருக்கிறவர்கள் முழுசாக வாசித்துவிட்டு ஏசுங்கள், பாதியில் ஏசவேண்டாம்.

மஃரிபுக்குப் பிறகு காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். வட்டைக்கு நடுவால் போகிற வீதி. எதிரே நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம் வரும். அது வேனா, லொறியா, மோட்டார் சைக்கிளா என்று தெரியாது. எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றும் தெரியாது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, இடது பக்க ஓரத்தைத் தேடித்தேடி, அது கடக்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவோம். கடந்த பிறகும் கண்ணுக்குள் ஒரு பொட்டு நிற்கும். 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று செக்கன் அப்படிப் போனால் 50 மீற்றர். அந்த 50 மீற்றருக்குள் வீதியில் படுத்திருக்கிற மாடு இருக்கலாம், பின் லைட் இல்லாத ட்ரெக்டர் பெட்டி இருக்கலாம், டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிற என் வகுப்புப் பிள்ளை இருக்கலாம்.

இந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி வாகனத்தோடு வந்ததல்ல. கடையில் வாங்கி கராஜில் மாட்டியது. எச்.ஐ.டி. கிட், ஸெனோன் கிட் என்று பெயர். பெட்டிக்குள் இரண்டு பல்ப், பெலஸ்ட் என்கிற இரண்டு சின்னப் பெட்டி, கொஞ்சம் வயர். அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும். மாட்டிய பழைய மாணவர் ஒருவர் என்னிடம் சந்தோசமாகச் சொன்னார், "சேர், பகல் மாதிரி இரிக்கி" என்று.

முதலில் நியாயமாகவே கதைப்போம். விற்கிறவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. சாதாரண ஹலோஜன் பல்புக்குள் ஒரு கம்பி இழை சூடாகி எரிகிறது. எச்.ஐ.டி.யில் இழையே இல்லை. சின்னக் குமிழுக்குள் இருக்கிற ஸெனோன் வாயுவுக்கு பெலஸ்ட் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஒரு அடி கொடுத்து மின்வில்லை உண்டாக்கும். பிறகு அது 35 வாட்டிலேயே எரியும். 55 வாட் ஹலோஜன் டிம்மில் 1,000 லுமன் அளவு தருகிறது, 35 வாட் எச்.ஐ.டி. 3,000க்கு மேல் தருகிறது. குறைந்த கரண்டில் மூன்று மடங்கு வெளிச்சம், அது சரி. அந்த மூன்று மடங்கும் எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் அவர் சொல்வதில்லை.

ஓ.எல். விஞ்ஞானத்தில் குழிவாடி படித்தது ஞாபகம் இருக்கிறதா? குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் சமாந்தரமாக வெளியே போகும், விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் கதிர்கள் வேறு பக்கம் போகும். "இதெல்லாம் எதுக்கு சேர் படிக்கிற?" என்று கேட்டவர்கள்தான் இன்றைக்கு கிட் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஹெட் லைட் என்பது அந்தக் குழிவாடிப் பாடம்தான்.

நம்மட வேன்கள், பழைய கார்கள் பலதில் இருப்பது எச்4 பல்ப். அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை. ஹை பீமுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. டிம் இழை குவியத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும், அதற்குக் கீழே தொட்டில் மாதிரி ஒரு சின்னத் தகரம் இருக்கும். கீழ்ப்பக்க ஆடியில் வெளிச்சம் படாமல் அந்தத் தகரம் மறைக்கிறது. மேல்ப்பக்கத்தில் பட்டது மட்டும் தெறித்து வீதிக்கு இறங்குகிறது. இடது ஓரம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து நிற்கும், நடந்து போகிறவரைக் காட்டுவதற்கு. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றுவது சில மில்லிமீற்றர் கணக்குத்தான். இழை எந்த இடத்தில், எவ்வளவு நீளத்தில், எந்த வடிவத்தில் இருக்கும் என்று தெரிந்துதான் அந்த ஆடியை வார்த்திருக்கிறார்கள்.

அதற்குள் எச்.ஐ.டி. பல்பைச் செருகினால் என்ன நடக்கும்? மின்வில் நேரான இழை இல்லை, நடுவில் வளைந்து இரண்டு முனையிலும் கூடுதலாக எரிகிற ஒன்று. டிம்முக்கும் ஹை பீமுக்கும் ஒரே பல்பை முன்னும் பின்னும் இழுக்கிற காந்தம் வைத்த கிட்டும் இருக்கிறது. அந்த மலிவான காந்தம் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் வந்து நிற்கும் என்று யார் பொறுப்பு? கராஜில் லைட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரிவரும் என்கிறார்கள். மொத்தமாகச் சிதறுகிற வெளிச்சத்தை ஸ்குரூவைத் திருப்பித் திருத்த ஏலாது.

ஒரு கணக்கு. வெளிச்சம் ஒரே ஒரு பாகை மேலே போனால் 50 மீற்றரில் அது 87 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கும். காரின் லைட் நிலத்திலிருந்து 70 சென்ரிமீற்றர் என்று வைத்தால், இரண்டையும் கூட்டுங்கள். 157. கிட்டத்தட்ட வீதியோரம் நிற்கிற ஒரு பெரிய ஆளின் கண் மட்டம். மூன்று மடங்கு வெளிச்சம் அங்கேதான் போகிறது.

சரி, மற்றவனுக்குக் கஷ்டம், எனக்கு நல்லாத் தெரியுதே என்கிறீர்களா? அதுவும் பாதி ஏமாற்றம். கிட் மாட்டிய வாகனத்தில் கூடுதல் வெளிச்சம் முன்னால் பத்துப் பதினைந்து மீற்றரில் கொட்டும். பக்கத்தில் பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கும், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். உங்களுக்குப் பகல் மாதிரி இருக்கிற இடம் நீங்கள் பிரேக் பிடித்தாலும் நிற்க முடியாத இடம். நீலம் கூடினால் சக்தி கூட என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உண்மை தலைகீழ். 4,300 கெல்வின் பல்ப்தான் கூட வெளிச்சம் தரும். 6,000, 8,000 என்று ஏற ஏற நீலம் கூடும், லுமன் குறையும். காசு கூடக் கொடுத்து வெளிச்சம் குறைந்ததை வாங்குகிறோம்.

"புதுக் கார்களில் ஒரிஜினலாவே எச்.ஐ.டி. வருதே, அதுக்கு ஒண்டும் சொல்லமாட்டீங்களா?" இது அடிக்கடி கேட்கிற கேள்வி. கம்பனியில் வருவது அந்தப் பல்புக்கென்றே செய்த கூட்டோடு வருகிறது. பெரும்பாலும் முன்னால் குண்டு வில்லை, அதற்குப் பின்னால் வெளிச்சத்தை நேர்கோடாக வெட்டுகிற தகடு. ஐரோப்பிய விதியில் 2,000 லுமனுக்கு மேல் போகிற டிம் லைட் என்றால் லைட்டின் சரிவைத் தானாகவே திருத்துகிற அமைப்பும், லைட் கண்ணாடியைக் கழுவுகிற அமைப்பும் வேண்டும். பின் சீட்டில் குடும்பம் ஏறி டிக்கியில் சாமானும் ஏறினால் வாகனத்தின் மூக்குத் தூக்கும், வெளிச்சமும் சேர்ந்து தூக்கும் என்பதற்காக. உங்கள் கிட்டுப் பெட்டிக்குள் இதில் ஒன்றாவது இருந்ததா? ஹலோஜன் கூட்டுக்குள் எச்.ஐ.டி. போட்டால் பிரித்தானியாவின் வருடாந்தப் பரிசோதனையில் வாகனம் பெயில். அமெரிக்காவில் இந்தக் கிட் சட்டத்துக்குப் பொருந்தாது என்று வீதிப் பாதுகாப்பு அதிகாரசபை சொல்லியிருக்கிறது. நம்மட நாட்டில் காருக்குப் புகைச் சான்றிதழும் இன்சூரன்ஸும் இருந்தால் வருடாந்த லைசென்ஸ் கிடைக்கிறது. லைட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பொலிஸ் பிடிக்கவில்லை என்பதால் எதிரே வருகிறவருக்குக் கண் தெரிந்துவிடாது.

அந்த எதிரே வருகிறவர் யார் என்றும் யோசியுங்கள். அறுபது தாண்டிய நம்மட வாப்பாமார், மாமாமார். சீனி வருத்தம் இல்லாத வீடு நம்மட ஊரில் எத்தனை? கண்புரை வரத்தொடங்கிய கண்ணுக்குள் வெளிச்சம் நேராகப் போகாது, பனிக்கண்ணாடியில் பட்டது மாதிரிச் சிதறும். வயது போனால் கூச்சத்திலிருந்து கண் மீளவும் கூட நேரம் எடுக்கும். இருபத்திரண்டு வயதுப் பெடியனுக்கு ஒரு செக்கன் எடுக்கிறது என்றால் அவருக்கு அப்படியில்லை. இஷாவுக்கும் சுபஹுக்கும் வீதியோரமாக நடந்து போகிறவர்களும் இவர்கள்தான். மழைக்காலத்தில் இன்னும் மோசம், நனைந்த தார் வீதி கண்ணாடி மாதிரி அந்த வெளிச்சத்தைக் கீழேயிருந்தும் முகத்துக்கு எறியும். பாதையில் கிடக்கிற தொல்லையை அகற்றுவது ஈமானில் ஒரு பகுதி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். முள்ளையும் கல்லையும்தான் தொல்லை என்று பிள்ளைகள் நினைப்பதற்கு நாமும் காரணம்.

இனி உண்மையிலேயே கனமான வாதம் ஒன்று இருக்கிறது. "ரோட்டுல லைட் இல்ல, மாடு படுத்திரிக்கி, எதிர்ல வாறவன் எல்லாரும் போட்டிரிக்கான், நான் மட்டும் போடாட்டி எனக்குத்தான் ஒண்டும் தெரியாது." இதைச் சொல்கிறவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீதி விளக்கு மாதக்கணக்காக எரியாமல் கிடக்கிறது உண்மை. மாட்டை அவிழ்த்துவிட்டு வீட்டில் படுக்கிறவர் இருப்பதும் உண்மை. ஆனால் அந்தக் கோபத்தைப் பிரதேச சபையிலும் மாட்டுக்காரரிடமும் காட்டாமல், எதிரே வருகிற அப்பாவியின் கண்ணில் காட்டுகிறோம். அவர் அடுத்த கிழமை இன்னும் பெரிய கிட் வாங்குகிறார். நீங்கள் அதைவிடப் பெரியது. கடைசியில் இரண்டு பேருக்கும் தெரியாது, கடைக்காரருக்கு மட்டும் நல்ல வியாபாரம். இப்போது அதே கூட்டுக்குள் மாட்டுகிற எல்.இ.டி. பல்ப் என்று வந்திருக்கிறது. பெயர் புதிது, குற்றம் பழையது.

வெளிச்சம் உண்மையாகவே போதவில்லை என்றால் முதலில் லைட்டின் முன் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். பழுத்து மஞ்சளாகியிருந்தால் எந்தப் பல்பைப் போட்டும் வேலையில்லை. அதைத் தேய்த்து பொலிஷ் பண்ணினாலே பாதிக் குறை தீரும். இரண்டு பல்பையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், அதே வாட்டில் தரமான ஹலோஜன் போதும். பழைய வாகனத்தில் பல்புக்கு வந்து சேர்கிற வோல்ட் குறைவாக இருக்கும். எலக்ட்ரீசியனிடம் சொல்லி எர்த்தைச் சுத்தம் செய்து, பெட்டரியிலிருந்து ரிலே வழியாகத் தனி வயர் எடுத்தால், "பல்ப் மாத்தினியா?" என்று கேட்கிற அளவுக்கு வித்தியாசம் தெரியும். இவ்வளவும் கிட்டைவிட மலிவாக முடியலாம். கராஜ் தம்பிமாரே, கிட் கேட்டு வருகிறவரிடம் இதைச் சொன்னால் உங்களுக்கும் வேலை இருக்கிறது.

பிள்ளைகளை வேனில் அனுப்புகிற பெற்றோரிடம் தனியாக ஒன்று. வேன்கார காக்காவிடம் சீட்டுக் கணக்குக் கேட்கிறீர்கள், காசுக் கணக்குக் கேட்கிறீர்கள். லைட்டையும் கேளுங்கள். மாலை வகுப்பு முடிகிற நேரம் வாசலில் வேன்கள் லைட்டைப் போட்டபடி வரிசையாக நிற்க, அதற்கு எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு பிள்ளைகள் வீதிக்கு ஏறுகிறார்கள். கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

லைட்டைச் சரிபார்க்க மெஷின் தேவையில்லை. சமதரையில் மதிலிலிருந்து 10 மீற்றர் தள்ளி வாகனத்தை நிறுத்துங்கள். டயருக்குக் காற்று சரியாக இருக்கவேண்டும். லைட்டின் நடு உயரத்தை மதிலில் குறியுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் ஓரம் அந்தக் குறிக்கு 10 சென்ரிமீற்றர் அளவு கீழே, தெளிவான கோடாக நிற்கவேண்டும், இடது பக்கம் மட்டும் உயரலாம். கோடே இல்லாமல் மதில் முழுக்க வெள்ளையடித்த மாதிரி இருந்தால், பல்ப் பிழை.

என் வீட்டு மதில் நீளமானது, முன்னால் நிலமும் சமன். வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். யாரும் வரலாம், டேப்பும் சோக்குக் கட்டியும் என்னிடம் இருக்கிறது. கிட் போட்டவர்களும் வாங்க, ஏசமாட்டேன்.