பேரலில் இருப்பதெல்லாம் கியர் ஆயில் அல்ல

இன்ஜின் ஆயில் என்று ஆரம்பித்தால் நம்ம ஊர் கார்க்காரர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். எந்த பிராண்ட், எந்த கிரேடு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை... எல்லாம் விரல்நுனியில். அதே ஆளிடம் "கியர்பாக்ஸில் என்ன ஆயில் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "மெக்கானிக் ஊத்தினாரே" என்பார். பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெக்கானிக் எதை ஊற்றினார்? பேரலில் எது இருந்ததோ அதை. மேனுவல் கியர் என்றால் 90 நம்பர், ஆட்டோமேடிக் என்றால் சிவப்பு ஆயில். முடிந்தது வேலை. கேட்டால், "பத்து வருஷமா இதான் சார் ஊத்துறோம், ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது" என்று பதில் வரும்.

முதலில் இந்த 90 நம்பரைப் பார்ப்போம். அது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண், அவ்வளவுதான். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்வது ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற குறியீடு. ஜிஎல்-5-இல் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் ஏறக்குறைய இரு மடங்கு. லாரி, ஜீப்பின் பின் அச்சில் இருக்கும் பல்சக்கரங்களுக்கு அது தேவை. ஆனால் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸில் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. அவற்றை இந்த ஆயில் மெல்ல மெல்லத் தின்றுவிடலாம். அப்புறம் கியர் போடும்போதெல்லாம் கரகரப்புதான். "நாலை விட அஞ்சு ஒசத்தி சார்" என்கிறார் கடைக்காரர். நாலாம் நம்பர் செருப்பு போடுகிற காலுக்கு அஞ்சாம் நம்பர் ஒசத்தியா என்ன?

அடுத்தது சிவப்பு. ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயிலின் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்று அடையாளம் தெரிவதற்காகச் சேர்த்தது. அந்தக் காலத்து ஃபோர்டின் டைப் எஃப் ஆயிலும் சிவப்பு, ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரானும் சிவப்பு. ஒன்று கிளட்சை வெடுக்கென்று பிடிக்கச் செய்யும், இன்னொன்று நழுவிப் பிடிக்கச் செய்யும். இன்னொரு கூத்து: டெக்ஸ்ரான்-3 ஆயிலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்து வந்த உரிமம் 2006 இறுதியோடு முடிந்துபோனது. அந்தப் பெயர் போட்ட கேன்கள் மட்டும் கடையில் இன்னும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கின்றன.

"ஆட்டோமேடிக்" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை! சிவிடி என்றால் உள்ளே இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட். இரும்பை இரும்பு வழுக்காமல் பிடித்தால்தான் வண்டி நகரும். அதற்கென்றே தனி ஆயில். ஹோண்டாவில் எச்சிஎஃப்-2, நிசானில் என்எஸ்-3 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். 2014-இல் செலரியோவோடு இங்கே பிரபலமான ஏஎம்டியோ உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு கருவி சேர்த்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது மேனுவல் கியர் ஆயில். இயக்கும் கருவிக்குத் தனி ஹைட்ராலிக் திரவம். இரண்டு மிதிதானே இருக்கிறது என்று கியர்பாக்ஸில் சிவப்பு ஆயிலை ஊற்றினால் என்ன சொல்ல!

"அப்போ விலை கூடின சிந்தெடிக் ஊத்திட்டா சரியாப்போச்சு" என்பவர்களுக்கு ஃபோக்ஸ்வேகன் கதை இருக்கிறது. 2013 நவம்பரில் ஏழு கியர் டிஎஸ்ஜி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை அந்தக் கம்பெனி திரும்ப அழைத்தது. எதற்கு? சிந்தெடிக் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்ற! வெக்கையும் ஈரப்பதமும் உள்ள ஊரில், நின்று நின்று ஓடும்போது, சிந்தெடிக் ஆயிலால் கியர்பாக்ஸின் மின்சுற்றில் கோளாறு வரலாம் என்று தெரியவந்ததுதான் காரணம். தயாரித்தவர்களுக்கே இந்தக் கதி. விலைச்சீட்டைப் பார்த்து ஆயில் வாங்கும் ஆளுக்கு?

இத்தனைக்குப் பிறகும் பேரல் ஏன் ஒழியவில்லை? கணக்கு அப்படி. பத்து வகை கேன் வாங்கி அடுக்கினால் ஒர்க்‌ஷாப்பின் பணம் அலமாரியில் முடங்கும். ஒரே பேரல் என்றால் சரக்கு வேகமாகச் சுற்றும். வரவு ஒருவர் ஏட்டில், பற்று இன்னொருவர் ஏட்டில். கியர்பாக்ஸ் ஒரு வருஷம் கழித்து உதறும்போது அதை யாரும் அன்றைய ஆயிலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "வண்டி பழசு சார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுபவர் தவணையும் கட்டி, லட்சத்தில் பேசப்படும் சிவிடி செலவுக்கும் ஆள் தேட வேண்டும்.

கார் கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. தன் பெயர் போட்ட கேனுக்கு அவர்கள் வைக்கும் விலை அநியாயம்தான். போதாக்குறைக்குப் பலர் "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்றும் சொல்லிவிடுகிறார்கள். யாருடைய ஆயுள்? கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப் கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லாவிட்டால் எட்டு வருஷத்துக்குள் மாற்றச் சொல்கிறது. அதற்காகப் பேரலிடம் சரணடைய வேண்டியதில்லை. காரோடு வந்த புத்தகத்தில் ஆயிலின் குறியீடு இருக்கும். அதே குறியீட்டுக்குக் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றதாகக் கேனில் எழுதியிருந்தால் எந்த பிராண்டும் ஓகே. "ஏற்றது", "பொருந்தும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது விற்பவரின் வாக்கு, கார் கம்பெனியின் வாக்கு அல்ல.

கேனைக் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். பில்லில் "கியர் ஆயில்" என்று மொட்டையாகப் போடாமல் முழுப் பெயரையும் குறியீட்டையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வண்டியை அங்கே விடாதீர்கள்.

டிஸ்கி: டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேடிக்கில் ஒருமுறை வடித்தால் பழைய ஆயில் முழுசாக வராது, கணிசமான அளவு கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். தப்பான ஆயில் ஊற்றிவிட்டால் "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்" என்பது அவ்வளவு சுலபமில்லை மக்களே :-)