இரண்டாவது கடிதம்

மார்ச் பிறந்துவிட்டால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. "இடம் கிடைக்குமா?" என்பது பெண்ணின் கவலை. "கிடைத்துவிட்டால் பணத்துக்கு எங்கே போவது?" என்பது தாயாரின் கவலை. வாய்விட்டுச் சொன்னால் பெண்ணின் மனசு நோகுமே என்று, அவள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பதும் மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டுவதுமாக இருக்கிறாள்.

அந்தத் தாயாருக்கு ஒரு வார்த்தை. இடம் உண்டு என்பது ஒரு கடிதம். பணம் உண்டு என்பது வேறு கடிதம். விஞ்ஞானத்தில் பி.எச்டி. படிக்கப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் படிப்புச் சம்பளம் தள்ளுபடி; செலவுக்கு உதவித் தொகையும் தருவார்கள். எம்.எஸ். படிப்புக்கோ பெரும்பாலும் கைப்பணந்தான். உதவித் தொகைக்குப் பதில் சொல்ல, ஏப்ரல் 15 வரை மாணவர்களுக்கு அவகாசம் தருவதென்று அங்கே பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. இரண்டாவது கடிதத்தை எதிர்பார்க்கிறவர்கள் அதுவரை பத்திரத்தை வெளியே எடுப்பானேன்?

கடன்தான் வழி என்றால் ஒன்று கவனியுங்கள். படித்து முடிக்கும் வரை தவணை கேட்கமாட்டார்கள். ஆனால் பணம் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறிக்கொண்டிருக்கும். படிக்கும்போதே சம்பாதித்து அடைக்கலாம் என்றால், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க மாணவர் விசா இடம் கொடாது.

ஆகவே, கணக்கை ஒளிக்காதீர்கள். பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள்: எத்தனை வருஷம், மாதம் எவ்வளவு, யார் கட்டுவது? நாளைக்குச் சுமக்கப் போகிறவளுக்குச் சுமையின் கனம் இன்றே தெரிய வேண்டாமா?