சான்றிதழ் வரும்வரை பிள்ளை காத்திருக்கக் கூடாது
பள்ளிப் பிள்ளைகளின் மனநலம், கற்றல் வேறுபாடுகள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து இயங்கும் அமைப்பு எங்களுடையது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிதறல், மனப்பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தொடர்பாக எங்கள் நிலைப்பாடு இது: ஒரு பிள்ளை திணறுவது கண்ணில் பட்ட நாளிலேயே வகுப்பறையில் உதவி தொடங்க வேண்டும். பொதுத்தேர்வுச் சலுகைக்கும் அரசு நலத்திட்டங்களுக்கும் மருத்துவச் சான்றிதழ் தேவைப்படலாம். வகுப்பில் கிடைக்க வேண்டிய உதவிக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது.

சட்டமும் நடைமுறையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் மூன்றும் அதில் உண்டு. கற்றல் குறைபாட்டை இயன்றவரை சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 16ஆம் பிரிவு. அரசு நிதி பெறும் பள்ளிக்கும் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொது. சான்றிதழைக் கொண்டுவந்த பிறகுதான் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

நடப்பது வேறு. கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 8 வயதுக்குப் பிறகே வழங்கலாம் என்று 2018இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் வரையறுத்தது. அதில் நியாயம் உண்டு. அந்த வயதுக்கு முன், மெதுவாகத் தொடங்கும் பிள்ளையையும் குறைபாடுள்ள பிள்ளையையும் பிரித்தறிவது கடினம். ஆனால் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளை மூன்றாம் வகுப்பை எட்டும்வரை என்ன செய்யும்? பெரும்பாலும் வசவு வாங்கும், இம்போசிஷன் எழுதும், கடைசி பெஞ்சுக்குப் போகும். ஏ.டி.எச்.டி.யோ அந்த 21 வகைகளில் தனியாக இடம்பெறவே இல்லை. சான்றிதழ் வந்தால்தான் உதவி என்று ஒரு பள்ளி சொன்னால், ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ள பிள்ளைகளுக்கு உதவி ஒருநாளும் வராது.

வகுப்பறையில் கண்ணில் படுவது

தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளையின் பிழைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். குறிலும் நெடிலும் இடம் மாறும். கால் விடுபடும், ஒற்று காணாமல் போகும். ‘கெ’ எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. ஒலிக்கும்போது மெய்தான் முதலில் வருகிறது. ‘கொ’ எழுதினால் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ஒலியையும் வரிவடிவத்தையும் பொருத்துவதில் இயல்பாகவே சிரமப்படும் பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. வாயால் கேட்டால் பாடத்தைக் கோவையாகச் சொல்லும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் நான்கு வரி தாண்டாமல் நின்றுவிடும். இந்த இடைவெளியைத்தான் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டும். தவறாக எழுதிய சொல்லை நூறு முறை எழுதவைத்தால் கை வலிக்குமே தவிர, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு பிடிபடாது.

அதே நேரத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லாருக்கும் குறைபாடு என்று சொல்வதும் தவறு. கண்ணாடி தேவைப்படும் பிள்ளை இருக்கும், காது மந்தமான பிள்ளை இருக்கும், வீட்டுச் சண்டையில் தூக்கம் கெட்ட பிள்ளை இருக்கும். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகள் தமிழ்வழி வகுப்பில் திணறினால், காரணம் மொழியாக இருக்கலாம். ஆகவே ஆசிரியர் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். பார்த்ததைத் தேதியிட்டுக் குறித்துவைத்தால் போதும்.

மனநலம் கற்றல் சிரமத்திலிருந்து விலகி நிற்கும் தனி விஷயம் அன்று. ஆண்டுக்கணக்கில் ‘மக்கு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் திங்கள்கிழமை காலையில் வயிறு வலிக்கும். பிறகு பள்ளி என்றாலே அழும். வளர வளர யாரோடும் பேசாது, அல்லது எல்லாரோடும் மோதும். நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. 40 பேர் படிக்கும் வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர்.

நாங்கள் வலியுறுத்துவது

ஆசிரியர்களுக்கு: முன்வரிசையில் இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, கரும்பலகையிலிருந்து எழுத எடுக்கும் நேரத்தில் சலுகை, எழுத்துக்குப் பதில் வாய்மொழித் தேர்வு, இரைச்சல் தாங்காத பிள்ளைக்குச் சற்று ஒதுங்கி உட்கார அனுமதி. இவற்றுக்குப் பணமும் தேவையில்லை, மேலிடத்து ஆணையும் தேவையில்லை. வகுப்பு நடுவே உரக்க வாசிக்கச் சொல்லி அவமானப்படுத்துவதை நிறுத்த வேண்டும். உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இலேயே தடைசெய்துவிட்டது.

பெற்றோருக்கு: பிள்ளை பிறந்த நேரமோ அம்மா வளர்த்த விதமோ கற்றல் குறைபாட்டுக்கும் ஆட்டிசத்துக்கும் காரணம் அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள். டியூஷனுக்கு மேல் டியூஷன் சேர்த்து, பிள்ளை விளையாடும் ஒரு மணி நேரத்தையும் பறிக்காதீர்கள். ஆட்டிசத்தைக் குணப்படுத்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்வோரிடம் நகையை அடகுவைத்துப் பணம் கட்டாதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவுபடுத்தியது. உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், அதை நாடகம் என்று ஒதுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

பள்ளி நிர்வாகங்களுக்கு: பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறையும் என்பதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்புவதை நாங்கள் வன்மையாக எதிர்க்கிறோம். பிள்ளையின் நிலை குறித்த விவரம் ஆசிரியர் அறையில் பேச்சுப்பொருளாகக் கூடாது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற பொதுத்தேர்வுச் சலுகைகள் உண்டு என்பதைப் பெற்றோரிடம் பள்ளியே முன்வந்து சொல்ல வேண்டும். விண்ணப்பக் கெடு முடிந்த பிறகு சொல்வதால் பயன் இல்லை.

அரசுக்கு: தொடக்கநிலையில் 10 சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பு ஆசிரியர்கள் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் கூறியது. அந்த விகிதத்தை எட்டும் வகையில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து எப்போதாவது வந்துபோகும் ஒருவரால் ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் அத்தனைக்கும் ஈடுகொடுக்க முடியாது. கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை பிள்ளை படிக்கும் மொழியிலேயே நடக்க வேண்டும். ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துத் தமிழ்வழிப் பிள்ளையை அளக்கக் கூடாது. பி.எட். படிப்பில் கற்றல் குறைபாடு பற்றிய பாடம் ஒரு தாளோடு முடியாமல், வகுப்பறைப் பயிற்சியாகவும் இருக்க வேண்டும்.

எழும் கேள்விகள்

ஒருவருக்குச் சலுகை தந்தால் மற்றவருக்கு அநீதி ஆகாதா என்று கேட்கிறார்கள். கிட்டப்பார்வை உள்ள பிள்ளை கண்ணாடி போட்டுத் தேர்வு எழுதுவதை யாரும் சலுகை என்பதில்லை. கூடுதல் நேரம் விடையைச் சொல்லித் தருவதில்லை. தெரிந்த விடையை எழுதி முடிக்க வழி செய்கிறது.

பெயர் சூட்டினால் பிள்ளைமீது முத்திரை விழாதா என்ற அச்சம் நியாயமானது. எங்கள் நிலைப்பாடு அந்த அச்சத்துக்கும் விடை. வகுப்பறை உதவிக்கு எந்தப் பெயரும் தேவையில்லை. பரிசோதனை எப்போது, அதன் முடிவு யாருக்குத் தெரிய வேண்டும் என்பதைப் பெற்றோரும், புரிந்துகொள்ளும் வயதில் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

மூன்றாவது கேள்வியை ஆசிரியர்களே எழுப்புகிறார்கள்: ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் கவனித்து, எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மைப் பதிவுகளையும் முடித்துவிட்டு, தனிக்கவனத்துக்கு நேரம் எங்கே? இதற்கு அறிவுரை பதில் ஆகாது. கற்பித்தல் அல்லாத பணிகளைக் குறைக்காமல் ஆசிரியர்மீது இன்னொரு பொறுப்பை ஏற்றினால், அது இன்னொரு பதிவேடாகத்தான் முடியும். ஆகவே பணிச்சுமைக் குறைப்பும் எங்கள் கோரிக்கையின் பகுதியே.

எங்கள் பொறுப்பு

கோரிக்கை வைப்பதோடு நாங்கள் நின்றுவிட மாட்டோம். பிள்ளையின் சிரமத்தைக் குறித்துவைக்க ஒரு பக்கத் தாளை எளிய தமிழில் தயாரித்து, கேட்கும் பள்ளிகளுக்கு இலவசமாகத் தருவோம். சான்றிதழுக்கு அலையும் பெற்றோருக்குத் துணையாக, அதே வழியில் முன்பு போய்வந்த பெற்றோரை அனுப்புவோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பெரும்பான்மையைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது. உங்கள் பள்ளியின் அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவையுங்கள்: வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு இந்தப் பருவத்தில் என்ன செய்யப்பட்டது? சிறப்பு ஆசிரியர் கடைசியாக வந்தது எப்போது?