குட்டநாட்டுக்கு ஒரு தூது

விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பு நெல்லும் தென்னையும் பிளவக்கல் அணைகளையும் கண்மாய்களையும் நம்பி நிற்பவை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஓடும் வெள்ளத்தில் கொஞ்சம் வைப்பாற்றுக்கு வராதா என்ற ஏக்கம்தான் பம்பை – அச்சன்கோவில் – வைப்பாறு இணைப்புத் திட்டம். ஆண்டுக்கு சுமார் 22 டி.எம்.சி. நீரைத் திருப்பலாம் என்று தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1995-ல் அறிக்கை தந்தது. கேரள சட்டமன்றம் 2003-ல் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அங்கே ஆட்சி எத்தனையோ முறை கைமாறிவிட்டது. பதில் மட்டும் மாறவில்லை. நாமோ கோட்டையையும் டெல்லியையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

டெல்லியால் ஆகுமா? அயலுறவு முழுக்க மத்திய அரசின் அதிகாரம். ஆனாலும் 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனபோது, அன்றைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி மறுத்ததால் தீஸ்தா நதிநீர் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. மம்தா கட்சியின் ஆதரவு அன்று டெல்லிக்குத் தேவைப்பட்டது. 1974-ல் கச்சத்தீவு போனபோது தமிழகத்தின் எதிர்ப்பு எடுபடவில்லை. இந்திரா காந்திக்கு மக்களவையில் தனிப்பெரும்பான்மை இருந்தது. பிற நாட்டு ஒப்பந்தமே மக்களவைக் கணக்கைப் பார்த்துத்தான் நகரும் என்றால், மாநிலப் பட்டியலில் இருக்கும் தண்ணீரை ஒரு மாநிலத்திடமிருந்து வாங்கித்தர எந்தப் பிரதமர் துணிவார்?

நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். நதிகளை இணைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. இந்த இணைப்பு நகரவில்லை. முல்லைப் பெரியாற்றில் 142 அடி தேக்கலாம் என்று 2014-ல் தெளிவாகவே தீர்ப்பு வந்தது. அதன்பிறகும், அங்குள்ள துணை அணையான பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்டத் தந்த அனுமதியை 2021 நவம்பரில் கேரளம் திரும்பப் பெற்றது. அதிகாரி கையெழுத்துப் போட்டும், அங்கே எழுந்த கூச்சலுக்கு முன் அது நிற்கவில்லை.

ஆக, திறக்க வேண்டிய பூட்டு கேரளத்து மக்களின் மனத்தில் இருக்கிறது. எல்லாம் அரசியல்வாதிகள் கிளப்பிவிடும் பயம் என்று ஒதுக்குவது நமக்கு வசதி. ஆனால் பம்பையும் அச்சன்கோவிலாறும் சென்று சேரும் குட்டநாடு கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் பூமி. ஆற்றில் நீர் குறைந்தால் வேம்பநாட்டுக் காயலில் உப்பு ஏறும். உப்பு ஏறினால் பயிர் போகும். கண்மாய் வற்றிய வலி தெரிந்த வத்திராயிருப்பு விவசாயிக்கு இது புரியாததல்ல. வெள்ள மாதங்களில் மட்டும் எடுப்போம், கோடையில் தொடமாட்டோம், அளவைக் கருவியை இரு மாநிலமும் சேர்ந்து பார்க்கட்டும் என்று எழுதித்தர நாம் தயாரா? தயார் என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் ராஜபாளையம் பொதுக்கூட்டம் இல்லை. அந்த உறுதிமொழியை மலையாளத்தில் அச்சிட்டு, ஆலப்புழையின் நெல் விவசாயிகள் குழுக்களான பாடசேகர சமிதிகளிடம் நம் விவசாயச் சங்கங்களே கொண்டுபோய்க் கொடுப்பதற்கான செலவு, ஒரு தேர்தல் மேடையின் பந்தல் செலவைத் தாண்டாது.